பதிப்புரிமைக்குக் காலவரம்பு வந்த கதை

தணிக்கையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பதிப்புரிமையைத் தொடுவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் பயின்றவர்களோ தணிக்கையை வேறு துறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒன்று அரசியல், மற்றது சொத்து விவகாரம் என்று பிரித்துப் பார்த்தே நமக்கும் பழகிவிட்டது. உண்மையில் இரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே பதிவேட்டின் பக்கங்களில் வளர்ந்தவை. இந்தியாவில் இன்று ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய நூல்மீது வாரிசுகளுக்கு உரிமை உண்டு. இந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஏன் இது என்றென்றைக்குமானதாக இல்லை? இரண்டு கேள்விகளுக்கும் விடை, 16ஆம் நூற்றாண்டு லண்டனில் புத்தக வணிகர்கள் வைத்திருந்த ஒரு பதிவேட்டில் தொடங்குகிறது.

அச்சிட அனுமதி கேட்கும் வழக்கத்தை இங்கிலாந்து கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் அரசு 1469இலேயே ஸ்பேயர் ஊரைச் சேர்ந்த யோஹான் என்பவருக்கு அந்த நகரத்தில் அச்சுத் தொழில் நடத்தும் தனியுரிமையை ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கியது. அவர் மறு ஆண்டே இறந்துவிட, அந்தத் தனியுரிமையும் அவரோடு போயிற்று. இல்லையென்றால் வெனிஸ் ஐரோப்பாவின் அச்சுத் தலைநகராகியிருக்குமா என்பது சந்தேகம். குட்டன்பர்க்கின் சொந்த ஊரான மைன்ஸில் பேராயர் 1480களிலேயே நூல்களைப் பார்வையிட ஆள் அமர்த்தினார். போப் பத்தாம் லியோ 1515இல் திருச்சபையின் ஒப்புதலின்றி எங்கும் எதுவும் அச்சிடக் கூடாது என்று ஆணையிட்டார். 1559இல் வந்த தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1966 வரை உயிரோடிருந்தது. வெனிஸில் நடந்தது வணிகச் சலுகை. திருச்சபை செய்தது சிந்தனைக் கட்டுப்பாடு. இவ்விரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டது இங்கிலாந்து.

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது அரசுக்கு அதில் அச்சமில்லை. வெளிநாட்டு வணிகர்களுக்குக் கெடுபிடி விதித்த 1484ஆம் ஆண்டுச் சட்டம், புத்தகம் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சமயச் சீர்திருத்தப் போராட்டம் மூண்டதும் நிலைமை தலைகீழானது. எட்டாம் ஹென்றி 1534இல் அந்த விலக்கை நீக்கினார். 1538இல், அரசவையோ அரசர் நியமித்தவர்களோ பார்த்து அனுமதிக்காமல் ஆங்கில நூல் எதுவும் அச்சாகக் கூடாது என்று பிரகடனம் செய்தார். ஆனால் நகரமெங்கும் உள்ள அச்சகங்களைக் கண்காணிக்க அரசிடம் ஆள் இல்லை. போலீஸ் என்ற அமைப்பே தோன்றாத காலம் அது.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் வணிகர்கள். ஏட்டுப் படிகள் எழுதியவர்களும் நூல் கட்டுநர்களும் புத்தகம் விற்றவர்களும் 1403 முதல் லண்டனில் ஒரு சங்கமாக இயங்கிவந்தார்கள். 1557 மே மாதம் அரசி மேரியும் கணவர் பிலிப்பும் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் வழங்கினார்கள். அதன்படி, ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களும் அரசரிடம் தனியே அனுமதி பெற்றவர்களும் தவிர வேறெவரும் நாட்டில் அச்சுத் தொழில் செய்யக் கூடாது. எந்த அச்சகத்துக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நுழைந்து சோதனையிடவும், சட்டவிரோத நூல்களைக் கைப்பற்றி எரிக்கவும் சங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது. அரசுக்குச் செலவில்லாமல் வேவு. வணிகருக்குப் போட்டியில்லாமல் வியாபாரம். மேரி கத்தோலிக்கர், அவருக்குப் பின் வந்த எலிசபெத் புராட்டஸ்டன்ட். எரிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் மாறியது, சாசனம் அப்படியே உறுதிசெய்யப்பட்டது.

சங்கத்தின் பதிவேடு இப்படித்தான் இயங்கியது: உறுப்பினர் ஒருவர் ஒரு நூலின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து, உரிய அனுமதியைக் காட்டி, சில பென்னிகள் கட்டணம் செலுத்தித் தன் பெயரில் பதிந்துகொள்வார். அதன்பின் வேறெந்த உறுப்பினரும் அந்நூலை அச்சிட முடியாது. அந்த உரிமைக்கு முடிவில்லை. அதை விற்கலாம், அடகு வைக்கலாம், மகனுக்கோ மனைவிக்கோ விட்டுச் செல்லலாம். இந்த ஏற்பாட்டில் எழுதியவருக்கு இடமே இல்லை. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623 நவம்பரில், அதுவரை அச்சேறாத அவருடைய 16 நாடகங்கள் எட்வர்ட் பிளவுன்ட், ஐசக் ஜாகர்ட் என்ற இரு வணிகர்களின் பெயரில் பதிவாயின. அதில் முறைகேடு எதுவும் இருந்ததாக அன்று யாரும் நினைக்கவில்லை. பதிப்புரிமையின் மூதாதை இந்தப் பதிவுதான். அது பதிப்பாளரின் உரிமையாகப் பிறந்தது, தணிக்கை அனுமதியைத் தன் பிறப்புச் சான்றாகக் கொண்டு பிறந்தது.

எழுதியவர் அப்போது சட்டத்தின் கண்ணில் படவே இல்லையா? பட்டார், குற்றவாளியாக. எலிசபெத் ஒரு பிரெஞ்சு இளவரசனை மணக்கப்போவதைக் கண்டித்து 1579இல் நூல் எழுதிய ஜான் ஸ்டப்ஸின் வலக்கை வெட்டப்பட்டது. நாடகக் கலையைச் சாடிய நூலில் அப்போதைய அரசியைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு வில்லியம் பிரின் 1634இல் காதுகளை இழந்தார். மீண்டும் எழுதியதற்காக 1637இல் எஞ்சியிருந்த பகுதியும் அறுக்கப்பட்டது. பிரினுக்கு இந்தத் தண்டனையை விதித்தது ஸ்டார் சேம்பர் என்ற சிறப்பு நீதிமன்றம். அந்த நீதிமன்றம்தான் 1586இல் அச்சகங்களை லண்டனுக்குள் அடக்கி, ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒவ்வோர் அச்சகம் மட்டும் அனுமதித்தது. கேன்டர்பரி பேராயரும் லண்டன் ஆயரும் பார்த்து ஒப்பாத நூல் வெளிவரக் கூடாது என்றது. 1637இல் இன்னும் இறுக்கி, தலைமை அச்சகர்கள் 20 பேர், எழுத்து வார்ப்பவர்கள் 4 பேர் என்று எண்ணிக்கையையே நிர்ணயித்தது.

சங்கத்துக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. விவிலியம், சட்ட நூல்கள், அரிச்சுவடி, பஞ்சாங்கம் போன்ற எப்போதும் விற்கும் சரக்கெல்லாம் அரசரின் சலுகை பெற்ற சிலர் கையில். மற்றவர்களுக்கு வேலையே இல்லை. 1580களில் ஜான் வுல்ஃப் என்பவர் இதை எதிர்த்துக் கிளம்பினார். அவர் மீன் வணிகர் சங்கத்தின் உறுப்பினர், தொழில் அச்சு. சலுகை பெற்றவர்களின் நூல்களையெல்லாம் துணிந்து அச்சிட்டார். லூதர் தனியொருவராக உலகத்தின் சமயத்தைத் திருத்தவில்லையா, நான் இந்தத் தொழிலைத் திருத்துகிறேன் என்ற பொருளில் பேசினார். சிறைக்கும் போனார். கடைசியில் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி அவரைத் தன் உறுப்பினராக்கி, ஒரு பங்கும் கொடுத்தது. 1587இல் அவர் அதே கம்பெனியின் சேவகராகி, திருட்டு அச்சகங்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் செய்தார். ஏகபோகம் தன்னை எதிர்ப்பவர்களை எப்படி விழுங்கிச் செரிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த நூற்றாண்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

நாடாளுமன்றத்துக்கும் முதலாம் சார்லஸுக்கும் மோதல் முற்றி, 1641இல் ஸ்டார் சேம்பர் ஒழிக்கப்பட்டது. அதோடு தணிக்கையும் விழுந்தது. துண்டுப் பிரசுரங்கள் வெள்ளமாய்ப் பெருகின. 1642 ஜனவரியில் காமன்ஸ் சபை ஓர் உத்தரவு போட்டது: எழுதியவரின் பெயரும் சம்மதமும் இல்லாமல் எதையும் அச்சிடக் கூடாது, பெயர் சொல்லாவிட்டால் அச்சிட்டவரையே எழுதியவராகக் கொண்டு தண்டிக்க வேண்டும். எழுத்தாளரின் சம்மதம் என்பது ஆங்கில அரசின் உத்தரவில் இடம்பெற்ற தொடக்கத் தருணங்களில் இது ஒன்று. அதன் நோக்கம் அவருக்குப் பணம் வாங்கித் தருவதல்ல, ஆளை அடையாளம் காண்பது.

சங்கம் சும்மா இருக்கவில்லை. 1643இல் ஹென்றி பார்க்கர் என்பவரைக் கொண்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது. பதிவுரிமை இல்லையேல் ஒழுங்கு இல்லை, ஒழுங்கு இல்லையேல் அரசுக்கு ஆபத்து என்பது அதன் வாதம். ஜூன் மாதமே நாடாளுமன்றம் உரிம முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. மன்னரின் தணிக்கையை எதிர்த்து வந்தவர்கள் தங்கள் தணிக்கையை ஏற்படுத்திக்கொண்டார்கள். இதை எதிர்த்துத்தான் ஜான் மில்டன் 1644 நவம்பரில் அரியோபஜிட்டிகா என்ற புகழ்பெற்ற உரையை அனுமதி பெறாமல், பதிவேட்டில் ஏற்றாமல் வெளியிட்டார். விவாகரத்தைப் பற்றி அவர் எழுதிய நூலுக்காக அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சங்கம் அவர்மீது புகார் செய்திருந்தது.

கருத்துச் சுதந்திரத்தின் பெருநூலாக அதைக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு அந்தச் சுதந்திரத்தை மில்டன் தரவில்லை. அச்சான பிறகு அவதூறு என்று கண்டால் எரிப்பதையும் அவர் மறுக்கவில்லை. முன்கூட்டியே அனுமதி கேட்பதைத்தான் எதிர்த்தார். சில ஆண்டுகளில், கிராம்வெல் காலக் குடியரசு ஆட்சியின் செய்தி ஏடான மெர்க்கூரியஸ் பொலிட்டிகஸுக்கு அனுமதி வழங்கும் அலுவலராக அவரே இருந்தார். மேலும், அவரவர் பிரதி அவரவரிடம் இருக்க வேண்டும் என்ற சங்கத்தின் சொத்துக் கொள்கையை அந்த உரையிலேயே அவர் ஏற்றுக்கொள்கிறார். அது தணிக்கைக்கு ஒரு சாக்காக மட்டும் பயன்படுகிறது என்பதே அவர் குறை. தணிக்கையையும் பிரதியுரிமையையும் பிரித்துப் பார்த்த முதல் கண்களில் ஒன்று அவருடையது. தன் காவியமான பாரடைஸ் லாஸ்ட்டை 1667 ஏப்ரலில் சாமுவேல் சிமன்ஸ் என்ற அச்சகருக்கு அவர் கொடுத்தபோது முன்பணம் 5 பவுண்டு. முதல் பதிப்பு விற்றபின் இன்னொரு 5 பவுண்டு. அவர் இறந்தபின், மிச்சமிருந்த எல்லா உரிமைக்கும் சேர்த்து மனைவி எலிசபெத் 1680இல் பெற்றது 8 பவுண்டு. அந்தக் காவியத்தின் உரிமையைப் பின்னர் வாங்கிய டான்சன் குடும்பம் பல பத்தாண்டுகள் அதில் செழித்தது.

முடியாட்சி திரும்பிய பிறகு 1662இல் வந்த உரிமச் சட்டம் பழைய ஏற்பாட்டை முழுமையாக நாடாளுமன்றச் சட்டமாக்கியது. அச்சுக் கண்காணிப்பாளராக 1663இல் அமர்ந்த ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச், நள்ளிரவில் அச்சகங்களுக்குள் புகுவதில் பேர்போனவர். அவரிடம் பிடிபட்டவர் ஜான் ட்வின் என்ற ஏழை அச்சகர். அநீதி செய்யும் அரசனை மக்கள் தண்டிக்கலாம் என்று கூறிய ஒரு நூலின் தாள்கள் அவருடைய அச்சகத்தில் கிடைத்தன. நூலை எழுதியவர் யார் என்று அவர் சொல்லவில்லை. 1664இல் தூக்கிலிட்டு, உடலை நான்காகப் பிளந்தார்கள். பெயர் சொல்லாத அச்சகரே ஆசிரியர் என்ற 1642 உத்தரவின் தர்க்கம் போய் முடிந்த இடம் இது.

இந்த உரிமச் சட்டம் எப்படி ஒழிந்தது என்பதில்தான் வரலாறு நம் எதிர்பார்ப்பை மீறுகிறது. அது நிரந்தரச் சட்டமல்ல. அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டியது. 1695 மே மாதம் காலாவதியானபோது காமன்ஸ் சபை புதுப்பிக்க மறுத்தது. மறுப்புக்கான காரணங்களைச் சபை உறுப்பினர் எட்வர்ட் கிளார்க் பிரபுக்கள் சபையிடம் கொடுத்தார். அதற்குப் பின்னால் இருந்தவர் அவருடைய நண்பர், தத்துவ அறிஞர் ஜான் லாக். சிசரோ போன்ற பண்டைய லத்தீன் ஆசிரியர்களை அச்சிடும் தனியுரிமையைச் சங்கத்தார் வைத்துக்கொண்டு, மோசமான பதிப்பை அதிக விலைக்கு விற்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் நல்ல பதிப்புகளையும் தடுக்கிறார்கள் என்று லாக் தம் குறிப்பில் குமுறுகிறார். இறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன ஆசிரியர்மீது ஒரு லண்டன் வணிகருக்கு என்ன உரிமை என்பது அவர் கேள்வி. வாழும் ஆசிரியருக்கோ, அவர் இறந்தபின் 50 அல்லது 70 ஆண்டுகள் போன்ற ஒரு வரம்போடு உரிமை தரலாம் என்கிறார். காமன்ஸ் சபை கொடுத்த காரணங்களில் சிந்தனைச் சுதந்திரம் என்ற பெருங்கொள்கை இல்லை. சுங்கத் தாமதம், வணிகத் தொல்லை, சோதனை அத்துமீறல், ஏகபோகம் என்றே பட்டியல் போகிறது. மில்டனின் பெருமுழக்கம் சாதிக்காததை இந்த அற்பக் குறைகளின் பட்டியல் சாதித்தது என்று வரலாற்றாசிரியர் மெக்காலே தம் இங்கிலாந்து வரலாற்றில் வியக்கிறார். எனக்கு அவை அற்பக் குறைகளாகப் படவில்லை. புத்தகத்தின் விலையும் அது கிடைக்காமல் போவதும் வாசகருக்குத் தணிக்கையின் இன்னொரு முகம்தான். லாக் அதை உணர்ந்திருந்தார்.

பிறகு நடந்தவை வேகமானவை. பிரிஸ்டல் போன்ற ஊர்களில் அச்சகங்கள் தோன்றின. 1702இல் லண்டனின் முதல் நாளிதழான டெய்லி கூரன்ட் வெளிவந்தது. சங்கத்தின் பதிவேடோ வெறும் நோட்டுப் புத்தகமாகிவிட்டது. பதிவை மீறுபவரைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. உரிமச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிச் சங்கத்தார் போட்ட மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அப்போதுதான் வாதத்தை மாற்றினார்கள். ஒழுங்கு, ராஜவிசுவாசம் என்று பேசுவதை விட்டு, திருட்டுப் பதிப்புகளால் எழுத்தாளர்களும் அவர்கள் குடும்பங்களும் வறுமையில் வாடுவதாக முறையிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டாகப் பதிவேட்டில் இடம்பெறாத ஆசிரியர் திடீரென்று அவர்கள் மனுவின் நாயகரானார்.

அதன் விளைவு 1710 ஏப்ரல் 10இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். வணிகர்கள் கேட்டது கிடைத்தது, கேட்டபடி கிடைக்கவில்லை. உரிமை ஆசிரியருக்கோ அவரிடம் வாங்கியவருக்கோ உரியது; அதைப் பதியச் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. கால அளவு 14 ஆண்டுகள். அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14. ஏற்கெனவே வெளிவந்த நூல்களுக்கு 21 ஆண்டுகள். விலை நியாயமற்றது என்று யாரும் புகார் செய்யலாம். ஒன்பது படிகள் நூலகங்களுக்குப் போக வேண்டும். கல்வியை ஊக்குவிப்பதே சட்டத்தின் நோக்கம் என்று அதன் தலைப்பே சொல்லியது. 14, 21 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? ஏகபோகங்களை ஒழித்த 1624ஆம் ஆண்டுச் சட்டம், புதிய கண்டுபிடிப்புகளுக்கு 14 ஆண்டும் நடப்பிலிருந்த சலுகைகளுக்கு 21 ஆண்டும் மட்டுமே விட்டுவைத்தது. அச்சுச் சலுகைகளுக்கு அன்று விலக்கு கொடுத்திருந்தார்கள். 86 ஆண்டுகள் கழித்து அந்த விலக்கு முடிவுக்கு வந்தது. பதிப்புரிமையின் காலவரம்பு ஆசிரியர்மீது கருமித்தனம் காட்டிய வரம்பு அல்ல. ஏகபோகத்தின்மீது பட்ட அனுபவத்தில் போட்ட கடிவாளம் அது. இரண்டே ஆண்டில், 1712இல், செய்தித் தாள்கள்மீது முத்திரை வரி விதித்து அரசு கட்டுப்பாட்டுக்கு வேறு வழி கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வரி 1855 வரை நீடித்தது.

21 ஆண்டுகள் 1731இல் முடிந்தன. ஷேக்ஸ்பியரும் மில்டனும் எல்லோருக்கும் பொதுவாகியிருக்க வேண்டும். லண்டன் பெருவணிகர்கள் விடவில்லை. சட்டம் தருவது கூடுதல் பாதுகாப்பு மட்டுமே; உழைத்து எழுதியதன்மேல் ஆசிரியருக்கு இயற்கையாகவே நிரந்தர உரிமை உண்டு, அதை நாங்கள் விலைகொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று 40 ஆண்டுகள் வழக்காடினார்கள். இந்த வழக்குகளில் இரண்டு நீதிபதிகள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் மான்ஸ்ஃபீல்ட் பிரபு, மற்றவர் கேம்டன் பிரபு. அவர்கள் மோதியது பதிப்புரிமையில் மட்டுமல்ல என்பதுதான் இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி.

உரிமச் சட்டம் 1695இல் இறந்தாலும், ஆள் பெயர் குறிக்காத பொது வாரன்ட்டைக் கொண்டு எழுத்தாளர், அச்சகர் வீடுகளைச் சோதனையிடும் வழக்கத்தை அமைச்சர்கள் தொடர்ந்துவந்தார்கள். ஜான் வில்க்ஸின் நார்த் பிரிட்டன் 45ஆம் இதழுக்காக 1763இல் அப்படி 49 பேர் கைதானார்கள். அதற்கு முந்திய ஆண்டு, ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டில் அரசின் ஆட்கள் நான்கு மணி நேரம் எல்லாப் பெட்டிகளையும் உடைத்துக் காகிதங்களை அள்ளிச் சென்றிருந்தார்கள். என்டிக் தொடுத்த வழக்கில் 1765இல் தீர்ப்பளித்த கேம்டன், இப்படிச் சோதனையிடும் அதிகாரம் ஸ்டார் சேம்பரிலும் உரிமச் சட்டத்திலும் வேர்கொண்டது, அவை ஒழிந்தபின் அதற்குச் சட்ட ஆதாரம் கிடையாது என்றார். மான்ஸ்ஃபீல்டின் போக்கு வேறு. ஜூனியஸ் என்ற புனைபெயரில் அரசரைத் தாக்கிய கடிதத்தை வெளியிட்ட அச்சகர் வுட்ஃபால் மீதான 1770ஆம் ஆண்டு வழக்கில், அச்சிட்டாரா இல்லையா என்பதை மட்டும் ஜூரிகள் சொன்னால் போதும், எழுதியது அவதூறா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார் என்றார். அந்த நிலைப்பாட்டை மாற்ற 1792இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

பதிப்புரிமை வழக்கிலும் இதே அணிவகுப்புதான். ஜேம்ஸ் தாம்சன் எழுதிய பருவங்கள் பற்றிய கவிதை நூலின் உரிமை தொடர்பாக 1769இல் மான்ஸ்ஃபீல்டின் நீதிமன்றம் நிரந்தர உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. தாம்சன் இறந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. மான்ஸ்ஃபீல்டின் வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது: உழைப்பின் பலன் உழைத்தவருக்கு, தன் எழுத்து எப்போது, எப்படி, என்ன திருத்தங்களோடு வெளிவர வேண்டும் என்று முடிவுசெய்வது எழுதியவரின் உரிமை. வழக்குத் தொடுத்த ஆண்ட்ரூ மில்லரும் எழுத்தாளர்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தவர் என்று சாமுவேல் ஜான்சனே மதித்த பதிப்பாளர். ஆனால் அந்த உரிமையால் பயன்பெற்றவர் யார்? மில்லர் இறந்தபின் அவருடைய உரிமைகள் ஏலத்துக்கு வந்தன. தாமஸ் பெக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கவிதை நூலை 505 பவுண்டுக்கு எடுத்தார்கள். மலிவுப் பதிப்புகளுக்குப் பேர்போன எடின்பரோ வணிகர் அலெக்சாண்டர் டொனால்ட்சன் அதே நூலை அச்சிட, வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போனது.

1774 பிப்ரவரியில் அங்கே கேம்டன் பேசினார். நிரந்தர உரிமைக்கு ஆதாரமாக வணிகர்கள் அடுக்கிய பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அரச சலுகைகள், ஸ்டார் சேம்பர் ஆணைகள், சங்கத்தின் விதிகள், உரிமச் சட்டங்கள்: எல்லாம் கொடுங்கோன்மையின் எச்சங்கள், இவற்றிலிருந்து எந்தச் சொத்துரிமையும் பிறக்க முடியாது என்றார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என்டிக் வழக்கில் அவர் எடுத்த அதே ஆயுதம். வீட்டைச் சோதனையிடும் அதிகாரமும் நூலை என்றென்றும் பூட்டிவைக்கும் அதிகாரமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை அவர் கண்டிருந்தார். பிரபுக்கள் டொனால்ட்சன் பக்கம் வாக்களித்தார்கள். சபையில் உறுப்பினராக இருந்த மான்ஸ்ஃபீல்ட் வாய் திறக்கவில்லை. தீர்ப்புக்குப் பின் ஜான் பெல் ஆங்கிலக் கவிஞர்களை 109 சிறு தொகுதிகளாக மலிவு விலையில் கொண்டுவந்தார். போட்டிக்கு லண்டன் வணிகர்கள் கூட்டாக ஒரு வரிசை தொடங்கி, முன்னுரைகள் எழுத ஜான்சனை அமர்த்தினார்கள். கவிஞர்களின் வாழ்க்கை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் அப்படித்தான் பிறந்தது.

இங்கிலாந்து உதறிய உரிம முறை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறி இங்கே வந்தது. சென்னையில் அனுமதியின்றி 1795இல் இண்டியா ஹெரால்ட் என்ற ஏட்டைத் தொடங்கிய ஹம்ஃப்ரீஸ் கைதானார். நாடுகடத்தக் கப்பலில் ஏற்றியபோது தப்பியோடினார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799இல் முன் தணிக்கையைச் சட்டமாக்கினார். 1823இல் அதே பதவியைத் தற்காலிகமாக வகித்த ஆடம் கொண்டுவந்த உரிம விதிகளை எதிர்த்து ராம்மோகன் ராய் தம் பாரசீக ஏட்டையே நிறுத்திவிட்டார். 1835இல் அப்பதவியிலிருந்த மெட்காஃப் அந்த விதிகளை நீக்கி, அச்சகரும் பதிப்பாளரும் பெயரைப் பதிந்தால் போதும் என்று சட்டம் செய்தார். அதை வரைந்தவர் மெக்காலே. 1695ஐப் பற்றி எழுதிய அதே மெக்காலே. 1841இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்கு வெகுமதி தர வாசகர்மீது போடும் வரி, அதைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் நீட்டக் கூடாது என்று வாதாடியவரும் அவரே. இந்தியக் கல்வியைப் பற்றிய அவர் கருத்துகளை நான் ஏற்கவில்லை. இந்த இரண்டு விஷயங்களில் அவர் சொன்னது சரி.

1835ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் தமிழகத்தில் தமிழர் நடத்திய அச்சகங்கள் பெருகின. இந்தியாவுக்கு 1847இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. 1867இன் அச்சகம், நூல் பதிவுச் சட்டம் பழைய முடிச்சை இங்கே மீண்டும் போட்டது. ஒவ்வொரு நூலின் படிகளும் அரசுக்குப் போக வேண்டும். அரசு காலாண்டுப் பட்டியல் வெளியிடும். இன்று தமிழ் அச்சு வரலாற்றுக்கு அந்தப் பட்டியல்கள் பெரும் புதையல். அன்று அவை ஆட்சியாளர் கையில் இருந்த கண்காணிப்புக் கருவி.

பதிவில் உள்ள பெயருக்குத்தான் தண்டனை என்ற விதியைத் தமிழர்கள் 1908இல் நேரடியாகக் கண்டார்கள். சென்னையிலிருந்து வந்த இந்தியா வார ஏட்டின் உண்மையான ஆசிரியர் பாரதி. பதிவில் இருந்த பெயர் எம். சீனிவாசனுடையது. ராஜதுரோகக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு சிறை பெற்றவர் சீனிவாசன். பாரதி புதுச்சேரி போனார். 1911இல் பாரதியின் இரண்டு சிறு நூல்களை அரசு தடைசெய்தது. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1928இல், அவருடைய சுதேச கீதங்களைச் சென்னைப் போலீஸ் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்து முழங்கினார். தணிக்கையின் பிடி தளர்ந்தபோது சொத்துரிமையின் பிடி இறுகியிருந்தது. பாரதி பாடல்களைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். மெய்யப்பனிடம் வந்திருந்தது. பாரதியைப் பொதுவாக்க வேண்டும் என்று வ.ரா. உள்ளிட்ட எழுத்தாளர்கள் இயக்கம் நடத்தினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் நூல்களை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது மெய்யப்பன் பணம் வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடல்களைப் பறிமுதல் செய்த சென்னை அரசே அவற்றை மக்களுக்கு மீட்டுத் தந்தது.

காலவரம்பு மட்டும் நீண்டுகொண்டே போனது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு தந்தது. எனினும் இந்தியாவில் ஒரு நூல் பத்து ஆண்டுக்குள் ஒரு மொழியில் பெயர்க்கப்படாவிட்டால், அந்த மொழிபெயர்ப்பு உரிமை காலாவதியாகும் என்று ஒரு நல்ல விலக்கையும் வைத்திருந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வடிவம் நிற்கவில்லை. தாகூரின் நூல்கள் 1991இன் முடிவில் பொதுவாகவிருந்த நேரத்தில், 1992இல் 50 என்பதை 60 ஆக்கினார்கள். ஒருவருக்காக நீட்டிய பத்து ஆண்டு, எல்லா மொழிகளின் எல்லா எழுத்தாளர்களையும் கட்டியது. தாகூரின் புத்தகங்கள் அப்போதும் விற்றுக்கொண்டிருந்தன. மறுபதிப்பே காணாத நூற்றுக்கணக்கான நூல்களுக்கு அந்த நீட்டிப்பால் யாருக்கும் ஒரு காசு வரவில்லை. அவை இன்னும் பத்து ஆண்டு இருட்டில் கிடந்தன. அது தவறான முடிவு.

வாழும் எழுத்தாளரின் உரிமையைக் குறைக்கச் சொல்லவில்லை. தமிழில் எழுதிப் பிழைப்பவருக்கு வர வேண்டிய ராயல்டியே ஒழுங்காக வருவதில்லை. அதை வாங்கித் தர எந்தச் சட்டம் உதவினாலும் நல்லது. கேட்பது இறந்தவரின் நூல்களுக்காக. வாரிசுகளே, உங்கள் தந்தையின், பாட்டியின் நூல் பத்து ஆண்டுகளாக அச்சில் இல்லையென்றால், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி ஒரு நூலகத்துக்காவது கொடுத்துவையுங்கள். முடிந்தால் பொதுவில் விட்டுவிடுங்கள். பதிப்பாளர்களே, மறுபதிப்புக்கு மறுக்கப்படும் நூலுக்கும், உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலுக்கும் நீதிமன்றத்தில் கட்டாய உரிமம் கேட்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31, 31ஏ பிரிவுகள் வழிசெய்கின்றன. அந்தக் கதவைத் தட்டுங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கும் நூல்களுக்குப் பணம் கொடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொன்றின் முதற்பதிப்பையும் பிழையில்லாமல் மின்வடிவில் எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும்.